வெள்ளவத்தை நான்காம் மாடியில் ஓர் ஆர்.ஓ. இயந்திரம்: இரண்டு வருடப் பாவனைக்குப் பின்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். விற்க வந்தவர்கள் அதைக் கடைசியில்தான் சொன்னார்கள். இயந்திரம் 74,500 ரூபாய், பூட்டுவது இலவசம், இரண்டாம் வருடத்திலிருந்து பராமரிப்பு ஒப்பந்தம் வருடத்துக்கு 12,000. ஐந்து கட்டமாகக் குடிநீரை வடிகட்டும்; அதில் ஒரு கட்டம்தான் ஆர்.ஓ., கரைந்த உப்பையும் தடுக்கும் நுண்ணிய சவ்வு ஒன்றின் வழியே நீரை அழுத்தித் தள்ளும் முறை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு வெள்ளைப் பெட்டி, பெரிய பூசணிக்காய் அளவில் ஒரு சேமிப்புத் தாங்கி, மேலே கொக்குக் கழுத்துப்போல வளைந்த ஒரு சிறு குழாய். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பெட்டி வேறு வேறு பெயர் ஒட்டிக்கொண்டு காலி வீதியில் பல கடைகளில் நிற்கிறது.

நான் முப்பத்தொரு வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவள். இணுவிலிலிருந்து 1996இல் கொழும்புக்கு வந்து, அன்றிலிருந்து வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த ஒரு ஒழுங்கையில், பதினாறு வீடுகள் கொண்ட தொடர்மாடியில் இருக்கிறேன். இயந்திரம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஸ்காபரோவில் இருக்கும் மகன், கொழும்புத் தண்ணீரைப் பற்றி யாரோ பேசிய ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒன்றைப் பூட்டுங்கள், காசை நான் போடுகிறேன்" என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து சொன்னான். நாலாவது ஞாயிறு வருவதற்குள் கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பிள்ளைகள் வாசலில் நின்றார்கள்.

அவர்கள் காட்டிய வித்தையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் பாதிப் பேருக்கு இந்த இயந்திரம் அந்த வித்தையால்தான் விலைப்படுகிறது.

மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் எங்கள் குழாய்நீர், மற்றதில் அவர்கள் போத்தலில் கொண்டுவந்த 'சுத்த நீர்'. நான்கு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கருவியை இரண்டு குவளைகளுக்கும் மேலே வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். இரண்டு நிமிடத்தில் குழாய்நீர் மஞ்சளித்து, பழுப்பாகி, அடியில் கரும்பச்சை வண்டல் திரண்டது. சுத்த நீர் அப்படியே பளிங்குபோல நின்றது. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். "இதைத்தான் அன்ரி இத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள்" என்றான் உயரமானவன், துக்க வீட்டுக் குரலில்.

நான் எழுந்துபோய் ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து அவனுடைய சுத்த நீரில் போட்டேன். "இப்போது வையுங்கள் தம்பி." தயங்கினான். வைத்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எங்கள் குழாய்நீரைவிடக் கறுத்துப்போனது.

அந்த நிறம் தண்ணீரிலிருந்து வருவதில்லை, கம்பியிலிருந்து வருகிறது. ஒவ்வொரு குவளைக்குள்ளும் இறங்குவதில் ஒரு கம்பி இரும்பு, மற்றது அலுமினியம். உப்புக் கரைந்த நீரில் மின்சாரம் ஓடும்; ஓடினால் இரும்பு கரைந்து ஐதரொட்சைட்டாகத் திரளும். உப்பு அகற்றிய நீரில் மின்சாரம் ஓடுவது அரிது, அதனால் கம்பி கரையாது, நீர் தெளிவாக நிற்கும். சாதாரண மின்பகுப்பு, கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் தவணையிலேயே எழுதிவிடுவார்கள். என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்ட தம்பி, "உப்பில் அயடீன் இருக்கிறது அன்ரி, அதுதான்" என்றான். அவனை நான் படிப்பித்திருந்தால் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

அடுத்தது ரி.டி.எஸ். மீற்றர். நீரில் கரைந்திருக்கும் திண்மங்களின் மொத்த அளவைக் காட்டும் பேனை போன்ற கருவி. குழாய்நீருக்கு 54 காட்டியது, அவர்களுடைய நீருக்கு 4. "ஐம்பத்து நாலு, அன்ரி!" குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614. அது ஒரு லீற்றரில் 500 மில்லிகிராம்வரை அனுமதிக்கிறது. 54 என்பது மிக மெல்லிய நீர். கொழும்புக்கு வருவது களனி ஆற்றில் அம்பத்தளையில் எடுக்கும் நீரும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும். மழை நிறைந்த மலைக்காட்டிலிருந்து வரும் நீரில் உப்பு குறைவாகத்தான் இருக்கும். இணுவில் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வருவது. அதில் இந்தப் பேனையை வைத்திருந்தால் தம்பி மயங்கி விழுந்திருப்பான். மீற்றரை அவர்கள் அன்பளிப்பாக விட்டுச் சென்றார்கள். மறுநாள் செவ்விளநீரில் வைத்துப் பார்த்தேன். மூவாயிரத்தைத் தாண்டியது. அவர்கள் கணக்கில் அது நஞ்சாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாகச் சிறுநீரக நோயைக் கொண்டுவந்தார்கள். இதில்தான் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது. வடமத்திய மாகாணத்தில், மெதவாச்சி, பதவியா போன்ற இடங்களில், தொண்ணூறுகளிலிருந்து விவசாயிகளைத் தின்றுகொண்டிருக்கும் நோய் அது. முழுக் காரணம் இன்னும் துலங்கவில்லை. ஆனாலும் அங்குள்ள நிலத்தடி நீரின் வன்மையும் (கரைந்த கல்சியம், மக்னீசியம் உப்புகள்) புளோரைட்டும் சந்தேகப் பட்டியலில் முன்னால் நிற்கின்றன. அதனால் அங்கே ஊருக்கு ஊர் ஆர்.ஓ. நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். அந்த மக்களின் பயத்துக்கு முகாந்திரம் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டுவந்து களனித் தண்ணீர் குடிக்கும் வெள்ளவத்தைக் கிழவியிடம் விற்பது வேறு வேலை.

வேடிக்கை என்னவென்றால், கொழும்புக்காரர் பயப்படக் காரணமுள்ள கதைகளில் ஒன்றைக்கூட அந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்காது. 2015 ஆகஸ்டில் கடுவலைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து டீசல் கசிந்து களனியில் கலந்து, அம்பத்தளையில் நீர் எடுப்பதை நிறுத்த நேர்ந்தது. எங்கள் தொடர்மாடியில் அன்று குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. வறட்சியில் ஆற்றின் மட்டம் இறங்கினால் கடல்நீர் மேலேறி அம்பத்தளையை நெருங்கும். மணல்மூட்டை அணை போட்டுத் தடுத்திருக்கிறார்கள். இவை நடந்தவை, பதிவில் உள்ளவை. உப்பேறினால் அந்தப் பேனை உடனே காட்டிக்கொடுக்கும். டீசலைக் காட்டாது, கிருமியையும் காட்டாது.

இவ்வளவும் தெரிந்த நீ ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். வாங்கினேன். மகனுடைய நாலாவது ஞாயிறு ஒன்று. பிள்ளைகள் இருவரும் மதியம் இரண்டு மணிக்கு வியர்த்துக்கொண்டு நின்றது இன்னொன்று. குளோரின் மணம் எனக்கு எந்நாளும் பிடிக்காது என்பது மூன்றாவது; தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்தால் அந்த மணம் பெரும்பாலும் போய்விடும் என்று தெரிந்தும் சோம்பல்.

இனி பாவனை. தண்ணீரின் ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளோரின் மணம் முற்றாக இல்லை, அது ஆர்.ஓ. சவ்வின் பெருமையில்லை, அதற்கு முன்னால் இருக்கும் கரி வடிகட்டியின் வேலை. பிளேன்ரீ நல்ல நிறத்தில் இறங்குகிறது. சத்தம் குறைவு, இரவில் மட்டும் பம்பி முனகும். நிரம்பிய தாங்கியிலிருந்து ஒரு போத்தல் நிரப்ப ஒரு நிமிடம் போதும், தாங்கி வெறுமையானால் முக்கால் மணிநேரம் காத்திருக்க வேண்டும். விருந்தாளிகள் வரும் நாளில் இதை நினைவில் வையுங்கள்.

வீணாகும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல்தான் விற்றார்கள். நான் வாளி வைத்து அளந்தேன். ஒரு லீற்றர் குடிநீருக்கு மூன்றரை லீற்றர் கழிவுக் குழாயில் போகிறது. அந்தக் கழிவிலும் மீற்றரை வைத்துப் பார்த்தேன்: 68. கணக்குப் போட்டாலும் அதுதான் வரும். நாலரை லீற்றரில் இருந்த உப்பு முழுவதும் ஏறக்குறைய மூன்றரை லீற்றருக்குள் ஒதுங்குகிறது, வேறொன்றுமில்லை. ஆக, என் வீட்டில் 'கழிவு' என்று ஓடுவதும் எஸ்.எல்.எஸ். எல்லைக்குள் ஆழமாக நிற்கும் நீர்தான். இப்போது அதை வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைச் சாடிக்கும் நிலம் துடைக்கவும் பாவிக்கிறேன். காலையில் மூன்று வாளி, மாலையில் இரண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் இதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடியில் எண்பத்திரண்டு வயது மாமி ஒருவர் இருக்கிறார். இயந்திரம் வருவதற்கு முன்னமே, பார்க்கும் எல்லோரிடமும், "இந்தத் தண்ணீரில் புறா மணக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொடர்மாடிக் குழுக் கூட்டத்திலும் சொன்னார். செயலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை ஒத்துக்கொள்ளாமல் இதை எழுத முடியாது. மின்பகுப்பு வித்தையை அரை நிமிடத்தில் உடைத்த ரீச்சர், மூக்கால் சொன்ன கிழவியை வயதுக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டாள்.

சுன்னாகத்தில் இருக்கும் தங்கைதான் தொலைபேசியில் எனக்குச் சூடு வைத்தாள். "எங்கள் பக்கத்தில் கிணறு எண்ணெய் மணக்கிறது என்று சனம் சொன்னபோது எத்தனை பேர் சிரித்தார்கள், மறந்துவிட்டதா அக்கா?" மறக்கவில்லை. அந்த வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், அனல்மின் நிலையத்தால் நிலத்தடி நீர் மாசடைந்தது என்று 2019இல் தீர்ப்பாகி, 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தும்படி உத்தரவும் வந்தது.

அதன்பிறகுதான் பரிசோதிக்கப் புறப்பட்டேன். நீச்சல்குளங்கள் பராமரிக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் குளோரின் பார்க்கும் சிறு பெட்டியை இரவல் வாங்கினேன். மாத்திரை போட்டால் குளோரின் அளவுக்கேற்ப நீர் இளஞ்சிவப்பாகும். வீதிக் குழாயிலிருந்து நேராக வரும் தோட்டக் குழாயில் மெல்லிய சிவப்பு, லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் அளவு. வீட்டு வாசலுக்கு வந்துசேரும் நீரில் 0.2 ஆவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே நீர் வழங்கல் சபை தன் வேலையைச் செய்திருக்கிறது. என் சமையலறைக் குழாயில், கூரைத் தாங்கியிலிருந்து இறங்கும் நீரில், நிறமே இல்லை. மூன்று முறை பார்த்தேன்.

பிறகு பௌத்தாலோக மாவத்தையிலுள்ள ஐ.ரி.ஐ. (கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம்) ஆய்வுகூடத்துக்கு மூன்று போத்தல்கள். கிருமி பார்ப்பதற்கு வீட்டுப் போத்தல் உதவாது. கிருமி நீக்கிய போத்தலாக இருக்க வேண்டும். அதற்குள் சிறிது சோடியம் தயோசல்பேற்று இருக்கும், நீரில் மிஞ்சிய குளோரின் வழியிலேயே கிருமிகளைக் கொன்று முடிவைப் பொய்யாக்காமல் இருப்பதற்காக. குழாயின் வாயைத் தீயில் வாட்டி, நீரைச் சற்று ஓடவிட்டு, பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, முச்சக்கரவண்டியில் ஏறினேன். "பெட்டிக்குள் மீனா?" என்று சாரதி கேட்டார்.

அறிக்கை வந்தது. தோட்டக் குழாய்: கோலிஃபோம் (நீரின் சுத்தத்தை அறியப் பார்க்கும் ஒரு பக்டீரியாக் கூட்டம்) இல்லை, அதில் ஒரு வகையான ஈ.கோலையும் இல்லை. சமையலறைக் குழாய்: இரண்டும் இருந்தன. குடிநீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது இருந்தால் மலம் எங்கோ கலந்திருக்கிறது என்று பொருள். இயந்திரத்தின் குழாய்: ஈ.கோலை இல்லை, ஆனால் கோலிஃபோம் கொஞ்சம் இருந்தது.

அந்த அறிக்கையோடு செயலாளரையும் காவலாளியையும் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். தாங்கியின் மூடி ஒரு பக்கம் உடைந்து, அந்த வாயில் புறாக்கூடு. உள்ளே இறகுகள், செத்த பல்லி, அடியில் இரண்டு விரல் தடிப்பில் சேறு. கடைசியாகக் கழுவிய திகதி சுவரில் பூச்சால் எழுதியிருந்தது: 2019. செயலாளர் சிரிக்கவில்லை.

புதிய மூடி, வழிந்தோடும் குழாய்க்கு வலை, சேற்றை அள்ளிக் கழுவி வெளிற்றும் தூள் போட்டு மறுபடி நிரப்பியது, எல்லாமாக 38,400 ரூபாய். பதினாறு வீட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 2,400. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது என் குழாயில் குளோரின் 0.2 இருந்தது, ஈ.கோலை இல்லை. மாமியிடம் ஒரு குவளை கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "இப்போது மணக்கவில்லை" என்றார். பிறகு அதைக் கேத்திலில் ஊற்றிக் கொதிக்க வைத்தார். கொதித்தாறிய நீரைத் தவிர வேறொன்றையும் அவர் குடித்ததில்லை. அந்த வருடம் முழுக்க எங்கள் கட்டடத்தில் காசு செலவழிக்காமல் பாதுகாப்பாக இருந்தவர் அவர்தான்.

இயந்திரத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். கூரையிலிருந்து வந்த ஈ.கோலையை அது தடுத்துத்தான் இருக்கிறது. ஆனால் பல் துலக்கியது, கீரை கழுவியது எல்லாம் சாதாரணக் குழாயில். கோலிஃபோம் எப்படி வந்தது என்பதை நானே கண்டுபிடித்தேன். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் ஒரு மாதம் வீட்டைப் பூட்டியிருந்தேன். கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடுவதால், சேமிப்புத் தாங்கியில் நிற்கும் நீருக்குக் காவல் கிடையாது. கொழும்பு வெக்கையில் அது ஒரு மாதம் சும்மா நின்றால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஊருக்குப் போய்வந்தால் தாங்கியை இரண்டு முறை முழுக்க வெறுமையாக்கிவிட்டுக் குடியுங்கள். இந்த ஒரு வரி அவர்களுடைய கையேட்டில் இல்லை. சிங்களத்திலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. தமிழில் கையேடே இல்லை.

பராமரிப்புச் சேவைக்குப் பாதி மதிப்பெண். சொன்ன நாளில் வருகிறார்கள், செருப்பை வெளியே கழற்றுகிறார்கள், முன் வடிகட்டிகளை உண்மையாகவே மாற்றுகிறார்கள். பழையதில் பென்சிலால் அடையாளம் வைத்துப் பார்த்தேன். ஆனால் பதினெட்டாம் மாதம் வந்தவர், "சவ்வு முடிந்துவிட்டது ரீச்சர், 18,500 ஆகும்" என்றார். அவர்களே தந்த பேனையை எடுத்தேன். உள்ளே போவது 55, வெளியே வருவது 5. பத்தில் ஒன்பது பங்கு உப்பை நிறுத்தும் சவ்வு எப்படி முடியும்? அவர் பேனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார். ஆறு மாதமாக ஓடுகிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அநுராதபுரத்திலோ புத்தளத்திலோ வவுனியாவிலோ கிணற்று நீர் குடிப்பவர்கள், நீரைச் சோதித்து, வன்மையோ புளோரைட்டோ கூடுதலாக இருந்தால் கட்டாயம் யோசியுங்கள். யாழ்ப்பாணத்தில் தோட்டங்களுக்கு நடுவே கிணறு இருந்து, கைக்குழந்தையும் வீட்டில் இருந்தால், உரத்திலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் நைத்திரேற்றைச் சோதித்துப் பாருங்கள். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, ஆர்.ஓ. பெருமளவு எடுக்கும். கொழும்பில் குழாய்நீர் குடிப்பவர்கள் 74,500ஐ எடுத்து வைத்துவிட்டு முதலில் மொட்டைமாடிக்கு ஏறுங்கள். மணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் கரி வடிகட்டி ஒன்று பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும்.

போன கிழமை மூன்றாம் வருட ஒப்பந்தத்துக்காக அழைத்தார்கள். முன் வடிகட்டிகளுக்கு மட்டும் காசு தருகிறேன் என்றேன், மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். மீற்றரின் எண்கள் மங்கத் தொடங்கியிருக்கின்றன. அதற்கு எல்.ஆர். 44 என்ற பொத்தான் மின்கலம் இரண்டு வேண்டும். மணிக்கூட்டுக் கடைகளில் கிடைக்கும்.